மாத்திரை போடாத காலை

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், அதனால்தான் போடவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் எரியும். ஒரு துண்டு பன்னோ முந்தின நாள் இட்லியோ உள்ளே தள்ளி, அதன் மேல் மாத்திரை, அதன் மேல் காபி, பிறகு குளித்துத் தலைவாரிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வருவதற்குள் முழங்கால் வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டிருக்கும். இன்றைக்கு அது முழுக்க என்னுடையதாக இருக்கிறது. ரத்தம் எடுத்தாகிவிட்டது. கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. இனிமே சாப்பிடலாம்மா, கீழ கேன்டீன் இருக்கு என்று ரத்தம் எடுத்த பெண் சொன்னாள். சாப்பிடலாம், சாப்பிட்டால் போடலாம், கைப்பையின் உள் ஜிப்பில் பாதி அட்டை இருக்கிறது. ஆனாலும் எழுந்து போகவில்லை. ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா கூப்பிடுவார்கள், அப்போது நான் இங்கே இருக்க வேண்டும். இது இரண்டாவது தடவை. முதல் தடவை எடுத்ததில் கிரியேட்டினின் உப்பு கொஞ்சம் ஏறியிருக்கு, மறுபடியும் பார்த்திடுவோம் என்றார்கள். எனக்கா என்று கேட்டேன். உப்பு ஏறுவதெல்லாம் தம்பிக்கு நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. இந்த நேரத்தில் இதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்கிறான். அவனுக்கு நான் ஒன்று கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் என்னிடம் ரத்தமும் மூத்திரமும் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். செண்பகவல்லி, நாற்பத்தேழு, நோயாளியின் அக்கா. ஃபைலில் அக்கா என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறது.

வலியை இப்படி நேருக்கு நேர் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. பேச்சுவார்த்தை விட்டுப்போன சொந்தக்காரர் திடீரென்று வாசலில் வந்து நின்றதுபோல இருக்கிறது. அடையாளம் தெரிகிறது, ஆனால் ஆள் பெருத்துவிட்டார். நான் இவரை வரவிடாமல் வைத்திருந்த காலத்திலெல்லாம் இவர் எங்கோ உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார். காலை நீட்டினால் ஒரு மாதிரி, மடக்கினால் ஒரு மாதிரி. எதிர் நாற்காலியில் இருக்கிற பெரியவர் என் காலையே பார்க்கிறார், நீட்டி மடக்கி நீட்டி மடக்கி நான் அவருக்கு எரிச்சல் மூட்டியிருப்பேன். கடையில் இப்படி ஆட்ட முடியாது. கடையில் நிற்க வேண்டும். பட்டுச் சேலைப் பிரிவில் வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்துகொள்வார்கள், நாம் நின்றுகொண்டு விரித்துக் காட்ட வேண்டும். அரக்கு, மயில்கழுத்து, வெந்தயக் கலர், மாம்பழக் கலர். முந்தியக் காட்டுங்க. பார்டர் இதவிடச் சின்னதா இருக்கா. மேல போட்டுக் காட்டுங்களேன். தோளில் போட்டுக்கொண்டு, வலது காலில் பாரம் கொடுத்து, இடது காலை லேசாகத் தூக்கி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மலைமாதிரிச் சேலையைப் பிரிக்க வைத்துவிட்டு, மனசுக்கு ஒண்ணும் அமையல என்று எழுந்து போனார்கள். அத்தனையையும் மடித்து முடித்த பிறகு என்னால் இரண்டு எட்டு வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தாங்கக்கா என்று ரெஜினா ஒன்றைப் பிதுக்கிக் கையில் வைத்தாள். அதுதான் முதலாவது. ரெஜினா பக்கத்துப் பிரிவு, சுடிதார் விற்கிறவள், என்னைவிடச் சின்னவள். என்னடி இது என்றுகூட நான் கேட்கவில்லை. வாங்கி வாயில் போட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பிலிருந்து யாரோ எழுந்து வெளியே போனார்கள். அப்படி ஒரு நிம்மதி. பிள்ளை பெற்ற பிறகு வருகிற நிம்மதி மாதிரி, ஆனால் பிள்ளை இல்லாமல்.

கடையில் எங்கள் தளத்தில் தண்ணீர் கேட்டால் கீழே போய்க் குடி என்பார்கள், மாத்திரை கேட்டால் இல்லை என்று சொல்லுகிற ஆள் கிடையாது. தலைவலிக்கு ஒருத்தி, மாதவிலக்குக்கு ஒருத்தி, முதுகுக்கு ஒருத்தி, பல்லுக்கு ஒருத்தி, எல்லாருக்கும் அதே அட்டைதான். சூப்பர்வைசர் சாரே ஆடித் தள்ளுபடி நேரத்தில் வந்து, ஒண்ணு இருக்காம்மா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். முதலில் தெருமுனை மெடிக்கலில் மூட்டு வலி என்று சொன்னால் ஒரு செட்டு கட்டிக் கொடுப்பார், மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, வயிற்றுக் கேஸுக்கு ஒரு கேப்ஸ்யூல், சின்னக் காகித உறையில். பிறகு எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன், அதை மட்டும் கேட்டு வாங்கினேன். பிறகு கேட்கவே வேண்டியதில்லை, என் தலையைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார். வலித்தால் போடுவது என்று இருந்தது, வலிக்கப்போகிறது என்று போடுவதாக ஆயிற்று. அது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிற்க வேண்டியதில்லை, ஆனால் துணி துவைக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், அதற்கும் கால் வேண்டும். வயிறு எரிய ஆரம்பித்ததும் எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை. காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும். மகள் இலக்கியா, என்னம்மா அழுதியா என்று கேட்பாள். என் மகள் அப்படித்தான், முகத்தைப் பார்த்துப் பேசுவாள், பதில் வருவதற்குள் போனுக்குத் திரும்பிவிடுவாள். தூக்கம் பத்தல என்பேன். தூக்கம் பத்தவில்லைதான். அது பொய்யில்லை.

பொய் சொல்லவில்லை. அங்கேதான் மனது போய்ப் போய்த் தட்டுகிறது. முதல் நாள் நர்ஸ் கேட்டாள், வேற மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களா, சுகர், பிரஷர், தைராய்டு. இல்ல என்றேன். யோசிக்காமல் சொன்னேன், அதனால் அது உண்மை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மாதிரி, டப்பா வைத்து, காலை மதியம் ராத்திரி என்று பிரித்து வைத்துச் சாப்பிடுகிறவர்கள். நான் போடுவது பல் விளக்குகிற மாதிரி. பல்பொடி எதுவும் எடுக்கிறீங்களா என்று யாராவது கேட்பார்களா. ஆனால் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிற வழியில், பெரியார் நிலையம் வருவதற்குள், சொன்னது உறைத்துவிட்டது. ஏனென்றால் எனக்குத் தெரியும். தம்பியை முதன்முதலாக இங்கே கூட்டிவந்தபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர் அளந்து குடிக்கணும், முக்கியமா வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது, கிட்னியை அது இன்னும் கெடுத்திடும் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சொன்னதை எனக்கும் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பன், மாத்திரை, காபி. அதற்கு மறுநாளும். உப்பு ஏறியிருக்கு என்று சொன்ன அன்றைக்கு மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு போட்டேன். கல்யாண சீசன்.

இதைச் சொன்னால் என்ன ஆகும். சொன்னால் நீங்க கொடுக்க முடியாது என்பார்கள். சொல்லாவிட்டால், ஒருவேளை இன்றைக்கு ரிசல்ட் சரியாக வந்துவிட்டால், மேசையில் படுக்கவைத்து இடுப்பைக் கீறி எடுப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் போய்வந்துகொண்டே இருக்கிறேன், எத்தனை நாளாக என்று தெரியவில்லை. சொல்வது யோக்கியமா, கோழைத்தனமா. போன தடவை இங்கே ஒரு அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள், ஆலோசனை சொல்கிறவர்கள். யாராவது வற்புறுத்தி வந்திருக்கீங்களா, இஷ்டமில்லைன்னா தயங்காம சொல்லுங்க, பொருந்தலைன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லிக்கிறோம், காரணம் வெளிய போகாது என்றார்கள். சேச்சே, அவன் என் தம்பிங்க என்று சொன்னேன். சொல்லிவிட்டு வந்த பிறகு தப்பிக்க ஒரு கதவு தலைக்குள் திறந்தே கிடக்கிறது. தட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், சும்மா நடந்தால் போதும். நடக்கவில்லை. மூடவும் இல்லை. ராத்திரி படுத்தால் இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று. ஒன்று போதும் என்கிறார்கள். ஒன்று போதுமென்றால் கடவுள் ஏன் இரண்டு வைத்தான். வீட்டுக்காரரிடம் கேட்டேன். தர்மலிங்கம் அதிகம் பேசுகிறவர் இல்லை. உன் இஷ்டம் என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, நன்றியா, பயமா, வழியனுப்புகிறதா.

முத்துச்செல்வி இன்னும் மோசம். தம்பி பெண்டாட்டி. அவளுடைய ரத்தம் அவனுக்குச் சேரவில்லை, அதனால் என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே கிளம்புவதைப் பற்றிப் பேசுவாள். இப்போது மதினி, மதினி என்று விளைமீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருகிறாள். சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் நன்றாகச் சாப்பிட வேண்டும், எனக்குச் சளி பிடிக்கக் கூடாது, எனக்குக் காய்ச்சல் வரக் கூடாது. என்னைப் பார்க்கிறாளா, இடுப்புக்குள்ளே இருக்கிறதைப் பார்க்கிறாளா. இப்படி நினைக்கிறேனே என்று வருகிறது, பாவம், அவள் வேறு என்ன செய்வாள். ஆனாலும் நினைப்பு நிற்பதில்லை. அப்பா செத்தபோது டூரிஸ்ட் வேன் எடுத்துக்கொண்டு சவாரி போனவன்தானே சங்கரு, கொடைக்கானலில் இருந்து மறுநாள் வந்தான், சாம்பல் அள்ளுகிற காடாற்றுக்குத்தான் வந்தான். அம்மாவின் சங்கிலி எங்கே போனது என்று இன்றுவரை சொல்லவில்லை. குடித்தான். பிரஷர் இருக்கிறது என்று சொன்ன பிறகும் கருவாடு தின்றான். இவனுக்கா. இப்படி ஒரு பக்கம் ஓடும்போதே இன்னொரு பக்கம் இலக்கியா பிறந்த அன்றைக்கு அடைமழையில், லைசென்ஸ் வாங்கிய புதிதில், என்னைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு, அக்கா கத்துக்கா, கத்தினாத்தான் வழி விடுவான் என்று அவனும் சேர்ந்து கத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினது வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். லாரிக்காரன் ஒதுங்கினான். அதற்கு ஒரு சிறுநீரகமா. அப்படிப் போட்டுப் பார்க்கிறதுதானா அக்கா தம்பி. களைப்பாக இருக்கிறது. வலியைவிட இந்த நினைப்புதான் களைப்பாக இருக்கிறது. இதற்கு ஒரு மாத்திரை இருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

செண்பகவல்லி என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன், எழுந்த இடத்திலேயே நின்றேன், முழங்கால் மடக்கின நிலையில் இறுகிவிட்டது. எதிரே இருந்த பெரியவர், மெதுவாம்மா என்றார். அறைக்குள் டாக்டரம்மா மட்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர்களாக இருப்பார்கள். உட்காருங்க, கதவைச் சாத்திருங்க என்றார்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இந்தத் தடவையும் ஏறித்தான் இருக்கு என்றார்கள்.

"நிறைய இல்ல. ஆனா உங்களுக்கு சுகர் இல்ல, பிரஷரும் இல்ல, இப்படி இருக்கக் கூடாது. மூத்திரத்துல புரதம் வேற லேசா போகுது. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை?"

பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள். பல்பொடி என்று கேட்டதுபோல் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் இந்த முறை யோசித்துவிட்டேன். யோசித்த பிறகு சொன்னால் அது பொய்.

"வலி மாத்திரை போடுவேங்க."

"எப்பவாவதா?"

"தினமும்."

"எத்தனை வருஷமா?"

"மக எட்டாவது படிக்கிறப்ப ஆரம்பிச்சது. இப்ப காலேஜ் முடிக்கப் போறா."

திட்டுவார்கள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்கள். அதனாலதான்னு இப்பவே சொல்லிட முடியாது, ஆனா அதனால இருக்கலாம் என்றார்கள். நிறுத்த வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். உப்பு இறங்கினால் மேற்கொண்டு யோசிக்கலாம். இறங்காவிட்டால் நான் கொடுக்கிற பேச்சே இல்லை, நானும் இங்கே தொடர்ந்து வந்து காட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வலிக்கு என்னங்க பண்றது என்று கேட்டேன். எலும்பு டாக்டருக்கு எழுதித் தருகிறேன், பயிற்சி சொல்லித் தருவார்கள், வேறு வழி இருக்கிறது, ஆனால் இந்த மாத்திரை மாதிரி உடனே கேட்காது, பொறுமை வேண்டும் என்றார்கள். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலை இறக்கிக்கொண்டார்கள்.

"உங்களுக்கே வேணாம்னு தோணினா இன்னிக்கே முடிச்சுக்கலாம். ரிசல்ட் சரியில்லைன்னு உங்க தம்பிகிட்ட நான் சொல்லிடுறேன். அது பொய்யும் இல்ல."

கதவு தானாகவே முழுக்கத் திறந்துவிட்டது. நான் கேட்கவில்லை, தள்ளவில்லை, என் ரத்தமே திறந்து வைத்திருக்கிறது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். நிம்மதி வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எனக்கும் போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது, நானும் கீழே அந்த மெஷினில், இலக்கியா இந்த நாற்காலியில். அது கொஞ்சம் ஒதுங்கியதும் பின்னாலேயே வேறொன்று வந்தது. கொடுத்திருக்கலாமே என்று ஓர் ஆசை. இத்தனை நாளும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது, பயத்துக்கு அடியில், முகம் காட்டாமல். இனிமேல் முடிவு டாக்டரிடமும் இல்லை, ரத்தத்திடமும் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அட்டையைத் தொடுவதா வேண்டாமா என்று நான்தான் தீர்மானிக்கப்போகிறேன். தொட்டால் அவனுக்கு இல்லை. தொடாவிட்டாலும் உண்டு என்று சொல்ல முடியாது. நின்றுகொண்டு, சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். நானே அவன்ட்ட சொல்லிக்கிறேங்க என்று எழுந்தேன்.

கீழே லிஃப்டில் இறங்கினேன். அவனுக்கு முடிந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் முடிந்ததும் ஆள் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பான். முத்துச்செல்வி மருந்து வாங்கப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று. என்னக்கா சொன்னாங்க என்றான். உப்பு இந்த வாட்டியும் ஏறிருக்காம்டா என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ரெஜினா, மெடிக்கல், தினமும், காலேஜ் முடிக்கப்போகிற மகள். கடைசியில், எனக்கு டாக்டர் அத வேணாம்னு சொன்னப்ப நீ பக்கத்துல உக்காந்திருந்தியே என்றான்.

"இருந்தேன்."

"அப்புறமும் போட்டியா?"

"போட்டேன்."

பஞ்சை எடுத்துப் பார்த்தான், ரத்தம் நின்றிருந்தது, ஆனாலும் மறுபடி அழுத்தினான். எனக்குப் பயமா இருக்குடா சங்கரு என்றேன். இதைச் சொல்லத்தான் கீழே வந்தேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. "குடுக்கணும்னும் இருக்கு. குடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. இன்னிக்கில்ல, மொதல்ல இருந்தே."

"தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நீ இப்பல்லாம் என்னையத் திட்டுறதே இல்லையே."

பக்கத்துக் கட்டிலில் மெஷின் ஒரு சத்தம் போட்டது, நர்ஸ் வந்து எதையோ அமுக்கியதும் நின்றது. அவன் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். நீ குடுக்கிறதும் குடுக்காததும் அப்புறம், மொதல்ல அத நிறுத்து என்றான். எனக்காக இல்ல. நீ இங்க வந்து படுத்தா நான் எங்க போய் உக்கார்றது.

"நிறுத்தினா நிக்க முடியாதுடா. காலையில இருந்து போடல. உயிர் போகுது."

சொன்னதும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வண்டி ஓட்டுகிறவன் புதுப் பாதையைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை.

"எங்க வலிக்குது?"

வீட்டில், மாத்திரை போட்டியா என்று கேட்பார்கள். மெடிக்கல்காரர் என் தலையைப் பார்த்ததும் எடுத்து வைப்பார். கடையில் இந்தாங்க என்று கை நீட்டுவார்கள். யோசித்துப் பார்த்தேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்ட ஞாபகம் இல்லை. நானே என்னைக் கேட்டதில்லை. சொல்லுக்கா, எங்கங்க வலிக்குது என்று மறுபடியும் கேட்டு, நான் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டுக் கட்டிலில் தள்ளி உட்கார்ந்தான். குதிகாலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.